தாழம்பூ கொடுத்தவன்

பூ கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிறார்கள், கோயிலில் கொடுக்கிறார்கள், கூட்டத்துக்கு வருகிற துரைக்குக் கழுத்து நிறைய மாலை போடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. நான் ஆயுளில் ஒரே ஒரு முறை, உட்கார்ந்து யோசித்து, தேடி அலைந்து, ஒருத்திக்கு ஒரு பூ கொடுத்தேன். அந்தப் பேஜார் ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்க ஓடியது.

அப்போது நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். வேலூரில் டிரெய்னிங் முடித்து வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றித் தெருவில் எல்லாருக்கும் என்னைவிட அதிகக் கவலை. எங்கள் வீட்டுப் புழக்கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு மேஸ்திரியின் வீடு. தோல் ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் அவர் பொறுப்பு. அவருடைய மூத்த மருமகள் என் சிநேகிதி.

நாங்கள் இரண்டு பேரும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் கணக்கில் புலி, நான் எழுத்தில் பரவாயில்லை. எட்டு முடிந்ததும் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் புழக்கடைச் சுவருக்குப் பின்னாலேயே வாழ வருகிறாள் என்று தெரிந்தபோது நான் குதித்தேன். இரண்டு வருஷத்தில் அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். குழந்தை இல்லை. பொட்டு போயிற்று, வளையல் போயிற்று, பூ போயிற்று. மிச்சம் இருந்தது வெள்ளைப் புடவையும் மாமியார் கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிற வேலையும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த வீட்டில் அது வழக்கமே இல்லை. மேஸ்திரியின் சொந்தச் சித்தி, தன் புருஷன் செத்த பிறகும் சிவப்புப் புடவை கட்டி, வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவள் என்று என் அம்மா சொல்வார்கள். மேஸ்திரி வெறும் கூலியாளாகத் தொட்டியில் இறங்கி நின்ற காலத்தில் யாரும் ஆசாரம் பார்க்கவில்லை. மேஸ்திரி ஆனதும் பெரிய வீட்டுக்காரர்களைப் பார்த்து ஆசாரத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் அங்கவஸ்திரம் போட்டுக்கொள்ள ஆரம்பித்ததற்கும் இவள் பூ வைக்கக் கூடாது என்பதற்கும் அதிக நாள் வித்தியாசம் கிடையாது.

கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர் வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். ஒன்றும் வாழவில்லை. ஐயர் அம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, தலையில் பூ வைப்பதை வீண் அலங்காரம் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவார். அதனால் என் அம்மா கிறிஸ்மஸுக்கு ஒரு ரோஜா வைத்துக்கொள்ள விட்டால் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் நான் பூ இல்லாத மொட்டைக் கொண்டைதான். இதை இங்கே சொல்லிவைக்கக் காரணம் உண்டு, பின்னால் இதுவே என் தலையில் விழுந்தது.

அந்த வருஷம் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ளப் பெண்களை எடுத்தார்கள். நான் எங்கள் பெரிய டீச்சரிடம் சொல்ல, அவர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொல்ல, டாக்டரம்மா நேராக மேஸ்திரியிடமே கேட்டுவிட்டார். அந்த டாக்டரம்மாதான் முன்பு மேஸ்திரி மனைவிக்கு ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தவர். அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. சரி என்றார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சிநேகிதியைக் கூப்பிட்டு, "போ. ஆனா ஒரு பேச்சு கீச்சு வந்துச்சுன்னு வையி, அன்னியோட சரி" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் இன்னொரு பெண், மேஸ்திரியின் கடைசி மகள், கல்யாணத்துக்கு நின்றிருந்தாள். சோளிங்கர் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த பயம் அவருக்கு.

சிநேகிதிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டை விட்டு வெளியே போக அவளுக்கு அந்த ஒரு வாசல்தான் இருந்தது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளம்புகிற நாளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் புழக்கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தோம். தெருவில் பூக்காரி கத்திக்கொண்டு போனாள். இவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்புறம், "பூ வெக்காதது கூட பரவால்லடி. வாசனையே மறந்துடும் போலக் கீது" என்றாள்.

அவள் அழவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வேலூர் போகிறவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நிமிஷமே பூதான் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். எந்தப் பூ? மல்லிகையைச் சரம் கட்டிக் கொடுத்தால் அதைத் தலையில் வைக்காமல் என்ன செய்வாள்? கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாளா? அது அவளைக் கேலி செய்வது போல ஆகும். செண்பகம் மறுநாளே கறுத்து அழுகிவிடும். மகிழம்பூ காய்ந்தாலும் மணக்கும், ஆனால் மரம் கோயிலுக்குள் இருந்தது, நான் அங்கே போய்ப் பொறுக்கினால் ஐயர் அம்மாவுக்கு ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும். மனோரஞ்சிதம் ஒரு சாயபு வீட்டுத் தோட்டத்தில் இருந்தது, அந்த வீட்டம்மா நல்லவர்தான், ஆனால் அந்தப் பூ ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. தலையில் வைக்க வேண்டாத பூ, சாமிக்குப் போடாத பூ, வாடினாலும் வாசனை போகாத பூ வேண்டும். இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்ததில் தாழம்பூ நின்றது.

தாழம்பூவைச் சிவன் கோயிலில் சேர்க்க மாட்டார்கள். ஜடையில் வைத்துத் தைப்பார்கள்தான், ஆனால் அதைவிட அதிகமாக அதைப் பெட்டிக்குள்தான் வைப்பார்கள். மடலைப் பிரித்துப் புடவைகளுக்கு நடுவே போட்டுவிட்டால் அது சருகாகிப்போன பிறகும் புடவை மணக்கும். வெள்ளைப் புடவைக்கும் மணக்கும் இல்லையா? வெள்ளைப் புடவையில் வாசனை இருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்க முடியாது என்று நான் வாதம் செய்துகொண்டேன். வேலூர் ஹாஸ்டலில் அவள் தினம் பெட்டியைத் திறந்தால் வாசனை வரும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பூ கிடைக்க வேண்டுமே. கடைத்தெருவில் அத்தரும் பூவும் விற்கிற ஒரு பாய் இருந்தார். போய்க் கேட்டால், "தாழம்பூவா? இப்ப ரொம்பக் கம்மி டீச்சரம்மா. மழ ஜாஸ்தி ஆனா வரும்" என்றார். அடுத்த முறை போனேன், மழை ஜாஸ்தி, ஆள் ஓடைக்குள் இறங்க மாட்டேன் என்கிறான், அங்கே பாம்பு என்றார். அதற்கடுத்த முறை போனால் கடையே சாத்தியிருந்தது, தொழுகைக்குப் போய்விட்டாராம். வெயிலில் நின்றேன். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "யாருக்கும்மா இவ்ளோ அவசரம்? கல்யாணப் பொண்ணுக்கா?" என்றார். எனக்கிருந்த அலுப்பில், "ஆமா, ஆமா, கல்யாணம்தான், கொண்டாந்து குடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

சிநேகிதி கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது பாய் வாழையிலையில் சுற்றி ஒரு குலை கொடுத்தார். மஞ்சள் பாய்ந்த நீள மடல்கள், ஓரமெல்லாம் முள். வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் என் விரலில் நாலு கீறல். சாயங்காலம் மேஸ்திரி ஷாப்பிலிருந்து வருவதற்குள், மாமியார் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, புழக்கடை வழியாகப் போனேன். சிநேகிதி தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். மடலைப் பிரித்தேன். அவள் அதைக் கையில் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள், முள் குத்தும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. மூக்கெல்லாம் மகரந்தப் பொடி. எடுக்கவே மாட்டாள் போலிருந்தது. அப்புறம் நாங்கள் இரண்டு பேருமாகப் புடவைகளின் அடியில் அதைப் பரப்பிவைத்துப் பெட்டியை மூடினோம்.

அவளுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. "வாசன வெளிய வராதாடி?" என்று கேட்டாள்.

"இந்த ஊர்லயா? யாருக்கு மூக்கு வேல செய்யுது?" என்றேன்.

இதை நான் நிஜமாகவே நம்பினேன். ரயிலில் ஆம்பூர் வந்ததும் வெளியூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், துண்டை எடுத்து மூக்கில் வைப்பார்கள். சுண்ணாம்பில் ஊறுகிற பச்சைத் தோலின் நாற்றம் அப்படி. நாங்கள் அதே காற்றில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவோம், ஒன்றும் தெரியாது. நான் வேலூரில் படித்த நாளில் லீவுக்கு வந்தால் முதல் நாள் மட்டும் குடலைப் புரட்டும், மறுநாள் போய்விடும். ஆகவே எங்கள் ஊர்க்காரர்களின் மூக்கு செத்த மூக்கு என்பது என் கணக்கு. கணக்கில் அவள்தான் புலி என்று சொன்னேன் அல்லவா, அவளாவது யோசித்திருக்கலாம். செத்தது தோல் நாற்றத்துக்கு மட்டும்தான். அந்த நாற்றம் காதில் விழாத சத்தம் போல ஆகிவிட்டதால், வேறு எந்த வாசனை வந்தாலும் அந்த ஜனங்களுக்குப் பளிச்சென்று தெரியும். எதிர்வீட்டில் நெய் உருக்கினால் தெருக்கோடியில் சொல்வார்கள். அவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் காலை வாசலில் வண்டி கட்டி நின்றது. வழிக்கு ஊறுகாய் ஜாடி ஒன்றைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று மாமியார் திறந்திருக்கிறாள். நான் எங்கள் புழக்கடையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கத்தியது அங்கே கேட்டது.

"இன்னாடி இது? இன்னாடி இது பொட்டில?"

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடுவதற்குள் புடவையெல்லாம் முற்றத்தில் கிடந்தது. மேஸ்திரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் தெருவே நின்றது, எல்லார் மூக்கும் விடைத்திருந்தது.

"எவன்டி குடுத்தான்?"

"டீச்சர்தான் குடுத்தா, அத்த" என்றாள் சிநேகிதி.

"ஆமா பெரியம்மா, நான்தான் குடுத்தேன்" என்றேன் நான். "புடவைக்கு வாசனைக்காக வச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்வை என் மொட்டைக் கொண்டையில் போய் நின்றது. "நீயா? கிறிஸ்மஸுக்கு ஒரு ரோசாப்பூ வெக்க உங்கம்மாவண்ட கெஞ்சறவ நீ. நீ போய் பூ வாங்கினியா? அதுவும் தாழம்பூ?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நெஜமா நான்தான்."

"அப்டின்னா வாசல் வழியா வந்து குடுக்கறதுதான? பொம்பளைக்குப் பொம்பள எதுக்கு ஒளிச்சிக் குடுக்கணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. இவள் வாசல் வழியாக ஒரு பூவை வாங்கிக்கொள்ள முடியும் என்றால் நான் ஏன் ஒளித்துக் கொடுக்கப் போகிறேன்? அதைச் சொல்லவும் செய்தேன், சத்தமாகவே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. சிநேகிதியை மறைக்க நான் பழியை வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சிலர் நான் ரொம்ப நல்லவள் என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு அவர்களைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது.

மேஸ்திரி வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவள் ஏறியிருக்க வேண்டிய காட்பாடி ரயில் ஊதிக்கொண்டு போவது கேட்டது. சிநேகிதி கிடந்த புடவைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும் என்ற பிடிவாதம். மேஸ்திரியை ஷாப்பு வாசலில் போய்ப் பார்த்தேன். "பொம்பளப் புள்ள இங்கெல்லாம் வராதம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் போதகர் ஐயரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாழம்பூவைப் பற்றி ஒன்றும் பேசாமல், பொய்க்குத் துணை போவது எத்தனை பெரிய பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐயர் அம்மா உள்ளே இருந்தபடியே, "பூன்னாலே வம்புதான்" என்றார். பெரிய டீச்சர் ஒருத்தர்தான் நம்பினார். ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த இடம் அதிக நாள் காத்திருக்காது, சீக்கிரம் ஏதாவது செய் என்று அவரும் என் தலையிலேயே கட்டினார்.

சாட்சி வேண்டும் என்று கடைசியில் பாயைப் பிடித்தேன். அவர் மறுக்காமல் வந்தார், நல்ல மனுஷர். மேஸ்திரி வீட்டு வாசலில் நின்று, தலைக்குல்லாவைச் சரிசெய்துகொண்டு, "ஆமாங்க மேஸ்திரி, டீச்சரம்மாதான் வாங்கனாங்க. எத்தினி தபா அலஞ்சாங்க தெரியுமா? கல்யாணத்துக்குன்னு சொன்னாங்க" என்றார்.

யாருக்குக் கல்யாணம் என்று தெரு கேட்டது. பதிலையும் தெருவே சொல்லிக்கொண்டது. வேலூரிலோ ஆலங்காயத்திலோ ஒருத்தன் இருக்கிறான், ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டு அவனிடம்தான் இவள் போகப் பார்த்தாள், பூவை அவன் டீச்சர் மூலமாகக் கொடுத்தனுப்பினான். இப்போது நான் நல்லவளும் இல்லை. தூது போனவள். சில வீடுகளில் பிள்ளைகளை என் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாய்க்கு மட்டும் தான் எனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட திருப்தி, பார்க்கும்போதெல்லாம் சலாம் வைப்பார்.

ஒருத்தன்கூட, ஒருத்திகூட, ஒரு சிநேகிதி இன்னொரு சிநேகிதிக்குப் பூ கொடுத்திருக்கலாம் என்று யோசிக்கவில்லை. அந்த நாளில் எனக்குத் தூக்கம் கெட்டது இதை நினைத்துத்தான். ஆண் ஒருத்தனை இல்லாத இடத்திலிருந்து உண்டாக்கி, அவனுக்கு ஊர் வைத்து, சிலர் மீசைகூட வைத்துவிட்டார்கள். நான் முன்னால் நின்று கத்துகிறேன், என்னைத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு வழி தென்பட்டது. பாயோடு ஓடைக்குப் போய்ப் பூ வெட்டிய ஆள், நான் காசு கொடுத்ததைப் பார்த்த பாய் வீட்டம்மா, பூவைச் சுற்ற வாழையிலை கொடுத்த கடைக்காரர் என்று எல்லாரையும் பெரிய டீச்சர் முன்னால் ஒன்றாக நிறுத்தி மேஸ்திரியைக் கூப்பிடுவது என்று திட்டம் போட்டேன். மாமியார்கூடக் கொஞ்சம் இளகியிருக்கிறாள் என்று தெரிந்தது, கிணற்றடியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவதை நிறுத்தியிருந்தாள். இதைச் சொல்லத்தான் சிநேகிதியைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டேன். ரொம்ப நாள் கழித்து அவளைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டியிருந்த புடவை இன்னும் மணந்தது.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அப்புறம், "வேணாம்டி. வாய மூடிகினு இரு" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"சோளிங்கர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பேரு கெட்டவ வூட்ல இருந்தா சம்பந்தம் நிக்காது, அவங்க வர்றதுக்குள்ள என்ன எங்கனா அனுப்பிடணும்னு மாமா சொல்லிட்டாரு. உங்க பெரிய டீச்சராண்ட அவரே போய், அந்த எடம் இன்னும் கீதான்னு கேட்டுட்டு வந்துட்டாரு. கீதாம்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "அப்ப நல்லதாப் போச்சு. நான் உன் பேரையும் சுத்தம் பண்ணிடறேன், நீ நிம்மதியா…"

"லூசு மாதிரி பேசாத. நீதான் குடுத்தேன்னு தெரிஞ்சா நான் நல்லவ ஆயிடுவேன். நல்லவள எதுக்கு அனுப்பணும்? அத்த என்ன வுடவே வுடாது. கால் தேச்சிகினு இங்கயேதான் கெடக்கணும்."

"அதுக்காக? இல்லாத ஒருத்தன் கூட உன்ன சேத்து வச்சிப் பேசறான்கடி. திரும்ப இந்த வூட்டுப் படி ஏற முடியாது."

"ஏறி இன்னா பண்ணப் போறேன்?" என்றாள். "பேரு போனா போவட்டும். அங்க போனா நர்ஸம்மான்னு வேற பேரு குடுக்கறாங்கல்ல." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் நான் கத்திய உண்மையை அவளே வேண்டாம் என்கிறாள். எனக்கு அவள் மேல் கூடக் கோபம் வந்தது. அந்தப் பூவை யோசித்தவள் நான், அலைந்தவள் நான், முள் குத்தியது எனக்கு. அதை இன்னொருத்தனுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாள், அதுவும் பிறக்காத ஒருத்தனுக்கு. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், வேறென்ன செய்வது?

அவள் கிளம்புகிறதற்கு முன்தினம் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், மாமியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் அந்த வாசல்படி ஏறி நான் பார்த்ததில்லை. கால் வலியோடு அத்தனை தூரம் நடந்து வந்திருந்தாள். வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொண்ணே, ஒண்ணு கேக்கறேன். உங்க சாமி மேல சத்தியமெல்லாம் வேணாம். சும்மா சொல்லு. அந்தப் பூவ நெஜமாலுமே நீதான் குடுத்தியா?"

எத்தனை பேர் முன்னால் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒருத்தர்கூடக் கேட்டுக்கொள்ளாததை இவள் காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்து கேட்கிறாள். நம்புவதற்குத் தயாராக வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நீதான்னு சொல்லு. நான் போய் அவராண்ட சண்ட போட்டாச்சும் நிறுத்திடறேன். அவ இல்லாத அந்த வூட்ல நான் யார் மூஞ்சிய பாத்துகினு கெடப்பேன்? கோவத்துல கத்திட்டேன், நானும் மனுஷிதான? எம்மகன் போனப்பறம் எனக்குச் சோறு போட்டவ அவதான்."

என் நாக்கு நுனியில் இருந்தது. ஆமாம் பெரியம்மா என்று சொல்லிவிட்டால் இந்தக் கிழவி அழுதுகொண்டே சிரிப்பாள், தெருவில் என் பேர் திரும்பி வரும், அம்மா என்னோடு பேசுவார்கள். சிநேகிதி மட்டும் முற்றத்தில் உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பாள், சாகிறவரை.

"நான் குடுக்கல, பெரியம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப ஒருத்தன் கீறான்."

"ஆமா."

"குடிப்பானா?"

"இல்ல பெரியம்மா."

"கை நீட்றவனா?"

"அப்டியெல்லாம் இல்ல. நல்லவன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள்.

"அவனாண்ட சொல்லு. அவளுக்குக் காரம் ஆவாது. கொழம்புல மொளகா கம்மியாப் போடச் சொல்லு."

"சொல்றேன், பெரியம்மா" என்றேன்.